பொம்மை கம்பெனி செய்த நிஜ துப்பாக்கி! நிஜத்தைப் பார்த்து செய்த பொம்மை துப்பாக்கி!

ஸ்டென் கன்னை பிரித்து மேயும் ஆசாமிகள்

லண்டன் நகரின் தெற்கே மெர்ட்டன் என்று ஒரு பகுதி. அங்கே ஒரு பெரிய பொம்மை தொழிற்சாலை இருந்தது. "டிரையாங்" என்ற பெயரில் குழந்தைகளுக்கு சைக்கிளும் பொம்மை காரும் செய்து விற்ற "லைன்ஸ் பிரதர்ஸ்" கம்பெனியின் தொழிற்சாலை அது.

2-வது உலகப்போர் வந்தது. பொம்மை செய்த கம்பெனி எந்திர துப்பாக்கி செய்யத் தொடங்கியது. ஒன்று, இரண்டு அல்ல. 8 லட்சத்துக்கும் மேல்!

அந்த துப்பாக்கிதான் ஸ்டென் கன்.

இன்று கதை தலைகீழ். அந்த நிஜ ஸ்டென் கன்னைப் பார்த்து, அச்சு அசலாக பொம்மை ஸ்டென் கன் செய்கிறார்கள். அதை வாங்கி விளையாடுகிறவர்கள் குழந்தைகள் அல்ல. வேலை வெட்டி உள்ள பெரியவர்கள்!

வாங்கியதோடு விடுகிறார்களா? இல்லை. மேஜை மீது பிரித்துப் போட்டு, ஒவ்வொரு திருகாணியையும் கழற்றி, மாற்றி, திருத்தி மீண்டும் பூட்டுகிறார்கள். "பொம்மைக்குப் போய் இவ்வளவு பாடா?" என்று நீங்கள் கேட்கலாம்.

விஷயம் இருக்கிறது!

10 டாலர் துப்பாக்கி

1940-ம் ஆண்டு. பிரான்சு நாட்டின் டன்கர்க் கடற்கரையில் இருந்து பிரிட்டிஷ் படை உயிர் பிழைத்து ஓடி வந்தது. ஆட்கள் வந்தார்கள். ஆயுதங்கள் வரவில்லை. பீரங்கி, லாரி, துப்பாக்கி எல்லாம் கரையிலேயே கிடந்தன.

அமெரிக்காவில் இருந்து "தாம்சன்" துப்பாக்கி வாங்கினார்கள். ஒன்றின் விலை சுமார் 200 டாலர். அம்மாடி! கட்டுப்படி ஆகுமா?

1941-ல் ஷெப்பர்டு, டர்பின் என்ற இருவர் ஒரு மலிவு துப்பாக்கியை உருவாக்கினார்கள். ஷெப்பர்டின் "எஸ்", டர்பினின் "டி", என்பீல்டு ஆயுத தொழிற்சாலையின் "இ-என்". நான்கையும் சேர்த்தால் "ஸ்டென்"!

ஒரு குழாய். உள்ளே ஒரு இரும்பு கட்டை. அதன் பின்னால் ஒரு ஸ்பிரிங். பக்கவாட்டில் குண்டுகள் அடைத்த மேகசின். அவ்வளவுதான் துப்பாக்கி. எடை சுமார் 3 கிலோ. செலவு 10 டாலர் அளவுதான்!

போர் முடிவதற்குள் சுமார் 40 லட்சம் ஸ்டென் கன்கள் செய்து குவித்து விட்டார்கள். இந்திய ராணுவத்தின் கையிலும் அது நெடுநாள் இருந்தது.

காலை வாரிய மேகசின்

மலிவுக்கு ஒரு விலை உண்டு அல்லவா?

ஸ்டென் கன்னின் மேகசினில் 32 குண்டுகள். அவை இரண்டு வரிசையாக நிற்கும். மேலே வாய்க்கு வரும்போது ஒரே வரிசையாக வேண்டும். சினிமா டிக்கெட்டுக்கு இரண்டு கியூவில் நிற்பவர்கள் ஒரே கவுண்டரில் முண்டியடித்தால் என்ன ஆகும்? அதேதான் இங்கும் ஆனது. குண்டு சிக்கிக் கொள்ளும்!

இதனால் சிப்பாய்கள் இரண்டு, மூன்று குண்டுகள் குறைத்தே நிரப்பினார்கள். "மேகசினை பிடித்துக் கொண்டு சுடாதே" என்றும் சொல்லிக் கொடுத்தார்கள். பிடித்தால் அது ஆடும். ஆடினால் சிக்கும்.

சிக்கினால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு நாள் போதும்.

1942-ம் ஆண்டு மே 27. செக் நாட்டின் பிராக் நகரம். ஹிட்லரின் முக்கிய தளபதி ஹைட்ரிக் திறந்த காரில் வருகிறான். ஒரு வளைவில் கார் வேகம் குறைகிறது. காத்திருந்த வீரர் காப்சிக் காரின் முன்னால் பாய்ந்து, ஸ்டென் கன்னை நீட்டி விசையை அழுத்தினார்.

சுடவில்லை!

கூட இருந்த குபிஷ் என்ற வீரர் வெடிகுண்டை வீசியதால்தான் காரியம் முடிந்தது. படுகாயம் அடைந்த ஹைட்ரிக் ஜூன் 4-ந்தேதி செத்தான்.

ஏர்சாப்ட் என்பது என்ன?

இனி பொம்மைக்கு வருவோம்.

ஜப்பானில் சாதாரண மனிதன் நிஜ துப்பாக்கியை எளிதில் வைத்திருக்க முடியாது. சட்டம் அவ்வளவு கடுமை. அந்த ஆசையைத் தீர்த்துக் கொள்ள 1970-களில் தொடங்கி அங்கே வளர்ந்த விளையாட்டுதான் "ஏர்சாப்ட்". இரண்டு கட்சியாகப் பிரிந்து, காட்டிலும் பாழடைந்த கட்டிடங்களிலும் ஒளிந்து, பிளாஸ்டிக் குண்டால் சுட்டுக் கொள்வார்கள். பட்டவர் "அவுட்" என்று சொல்லிவிட்டு வெளியேற வேண்டும். ஜப்பானில் பிறந்த இந்த விளையாட்டு பிரிட்டனுக்கும் அமெரிக்காவுக்கும் பரவியது.

1991-ல் "டோக்கியோ மருயி" என்ற ஜப்பான் கம்பெனி பேட்டரியில் ஓடும் ஏர்சாப்ட் துப்பாக்கியை கொண்டு வந்தது. பொம்மை ஸ்டென் கன்னிலும் இந்த பேட்டரி வகை உண்டு.

உள்ளே நடப்பது இதுதான். விசையை அழுத்தினால் மோட்டார் சுழலும். மூன்று பல்சக்கரங்கள் சுற்றும். அவை பிஸ்டனை பின்னுக்கு இழுக்கும். ஸ்பிரிங் அமுங்கும். கடைசி பல் விலகியதும் பிஸ்டன் "டப்" என்று முன்னால் பாயும். சிலிண்டரில் உள்ள காற்று 6 மில்லி மீட்டர் பிளாஸ்டிக் குண்டை குழலுக்கு வெளியே தள்ளும்.

வெடிமருந்து கிடையாது. தோட்டா கிடையாது. வெறும் காற்று!

நிஜ ஸ்டென் கன்னின் குண்டு சுமார் 500 ஜூல் சக்தியுடன் புறப்படும். பொம்மையின் குண்டுக்கு சுமார் 1 ஜூல்தான். எங்கே 500? எங்கே 1?

ஆனாலும் கண்ணில் பட்டால் பார்வை போய்விடும். அதனால் கண்ணாடி கவசம் போடாதவருக்கு விளையாட்டு மைதானத்தில் இடம் இல்லை.

மேஜை மீது ஆபரேஷன்

கடையில் வாங்கிய பொம்மை ஸ்டென் கன் பார்க்க ஜோராக இருக்கும். சுட்டால்? ஒரு குண்டு மேலே போகும். ஒரு குண்டு இடது பக்கம் வளையும். இன்னொன்று வரவே வராது!

இங்கேதான் கைவேலை தொடங்குகிறது.

முதலில் கியர் பெட்டியைப் பிரிப்பார்கள். பழைய கிரீசை சுத்தமாகத் துடைப்பார்கள். பல்சக்கரங்கள் ஆடாமல், இறுகாமல் சுற்ற வேண்டும். அதற்காக காகிதம் போன்ற மெல்லிய வளையங்களை அடியில் போட்டுப் பார்ப்பார்கள். ஒன்று போட்டால் ஆடும். இரண்டு போட்டால் இறுகும். பொறுமைக்கு சோதனை! ஆனால் இது சரியாக அமைந்தால் "கரகர" சத்தம் போய் தையல் மெஷின் மாதிரி ஓடும்.

அடுத்து காற்றுக் கசிவு. சைக்கிள் பம்பில் வாஷர் தேய்ந்து போனால் எவ்வளவு அடித்தாலும் டயரில் காற்று ஏறாது அல்லவா? இங்கும் அப்படித்தான். பிஸ்டனின் தலையில் உள்ள ரப்பர் வளையத்தை மாற்றுவார்கள். கசிவு நின்றால், பழைய ஸ்பிரிங்கை வைத்தே ஒவ்வொரு குண்டும் ஒரே வேகத்தில் போகும்.

மூன்றாவது, ஒரு சின்ன ரப்பர் துண்டு. "ஹாப்-அப்" என்று பெயர். குழலின் தொடக்கத்தில் மேல்புறம் லேசாகத் துருத்திக் கொண்டு நிற்கும். குண்டு அதில் உரசிக் கொண்டு போகும்போது பின்பக்கமாக சுழலும். சுழலும் குண்டை காற்று தாங்கிப் பிடிக்கும். உடனே தரையில் விழ வேண்டிய குண்டு நேராக 40 மீட்டர், 50 மீட்டர் போகும்! இந்த ரப்பரை நல்லதாக மாற்றி, குழலின் உட்புறத்தை துடைத்து, கொஞ்சம் கனமான குண்டு போட்டால் போதும். பாதி குறை தீர்ந்து விடும்.

நான்காவது மின்சார வேலை. ஸ்டென் கன் என்பது வெறும் குழாய். பேட்டரி வைக்க இடம் தேடுவதே பெரும்பாடு. சின்ன லித்தியம் பேட்டரி வைத்து, நல்ல ஒயர் போட்டு, விசையின் முனைகள் தீய்ந்து போகாமல் இருக்க ஒரு மின்னணு சுவிட்சும் சேர்ப்பார்கள். ஒயர் உரசி "ஷார்ட்" ஆனால் பேட்டரி தீப்பிடிக்கும். அதனால் இந்த வேலையில் அவசரம் கூடாது.

கடைசியாக மேகசின். அதே பழைய வியாதி! பக்கவாட்டில் நீட்டிக் கொண்டிருப்பதால் கை தானாக அதைப் பிடிக்கப் போகும். பிடித்தால் ஆடும். ஆடினால் குண்டு ஏறாது. இடைவெளியில் டேப் ஒட்டி ஆட்டத்தை நிறுத்துகிறார்கள். "மேகசினைப் பிடிக்காதே" என்று அன்று சிப்பாய்க்கு சொன்ன பாடம் இன்று பொம்மைக்காரருக்கும் பொருந்துகிறது. தாத்தாவின் குறை பேரனுக்கும் வந்த மாதிரி!

வேகம் குறைந்தால்தான் மவுசு

இன்னொரு வேடிக்கை கேளுங்கள்.

நிஜ ஸ்டென் கன் வினாடிக்கு 9 குண்டு கணக்கில்தான் சுடும். பேட்டரி பொம்மைகளோ வினாடிக்கு 14, 15 என்று பொழியும். "நிஜம் போலவே இருக்கணும்" என்று நினைக்கும் ஆசாமி என்ன செய்கிறார் தெரியுமா? மெதுவாகச் சுற்றும் மோட்டார், குறைந்த வோல்ட் பேட்டரி என்று மாற்றி பொம்மையின் வேகத்தை குறைக்கிறார்!

2-வது உலகப்போர் உடை போட்டுக் கொண்டு விளையாடுகிறவர்கள் நூற்றுக்கணக்கில் குண்டு கொள்ளும் மேகசினையும் ஓரம் கட்டுகிறார்கள். நிஜத்தில் 32 என்றால் இங்கும் ஏறக்குறைய அவ்வளவுதான். எண்ணி எண்ணி சுட வேண்டும். ஒளிந்து, பார்த்து, நெருங்கி சுட வேண்டும். அதில்தான் விளையாட்டின் ருசி என்கிறார்கள்.

ஸ்பிரிங்கில் இருக்கிறான் எமன்

இவ்வளவும் நல்ல வேலை. ஆனால் குறுக்கு வழி ஒன்று இருக்கிறது. "முரட்டு ஸ்பிரிங் ஒண்ணைப் போட்டா போச்சு, பிச்சுக்கிட்டுப் போகும்" என்பது அந்த வழி. அங்கேதான் பொம்மை ஆயுதமாக மாறுகிறது.

ஜப்பானில் 2005-ல் நடந்தது பலருக்கு தெரியாது. சக்தி ஏற்றிய ஏர்சாப்ட் துப்பாக்கிகளால் நெடுஞ்சாலையில் ஓடும் கார்களை சிலர் சுட்டார்கள். கார் கண்ணாடிகள் உடைந்தன. நாடே கொதித்தது. 2006-ல் சட்டத்தை திருத்தினார்கள். 6 மில்லி மீட்டர் குண்டுக்கு சுமார் 0.98 ஜூல்தான் எல்லை. அதைத் தாண்டிய துப்பாக்கியை வீட்டில் வைத்திருந்தாலே குற்றம்!

பிரிட்டனிலும் 2017-ம் ஆண்டு சட்டம் கணக்கு சொல்லி விட்டது. தொடர்ந்து சுடும் ஏர்சாப்ட் துப்பாக்கிக்கு 1.3 ஜூல். 0.20 கிராம் குண்டு என்றால் வினாடிக்கு சுமார் 114 மீட்டர் வேகம். அதற்கு மேல் போனால் அது பொம்மை அல்ல. தடை செய்யப்பட்ட ஆயுதம். ஒரே ஒரு ஸ்பிரிங் மாறினால் விளையாட்டுக்காரர் குற்றவாளி ஆகி விடுவார்!

அதனால்தான் அங்கே ஆட்டத்துக்கு முன்பு ஒவ்வொரு துப்பாக்கியையும் கருவியின் முன்னால் சுட்டு வேகத்தை அளக்கிறார்கள். கூடினால் உள்ளே விட மாட்டார்கள்.

12 வயது சிறுவன்

சக்தி எல்லைக்குள் இருந்தாலும் இன்னொரு ஆபத்து உண்டு. அது தோற்றம்!

2014-ம் ஆண்டு நவம்பர் 22. அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரம். ஒரு பூங்காவில் 12 வயது சிறுவன் ஏர்சாப்ட் கைத்துப்பாக்கியை வைத்து விளையாடிக் கொண்டிருந்தான். பொம்மை என்று காட்டுவதற்காக முனையில் இருக்க வேண்டிய ஆரஞ்சு நிறம் அதில் இல்லை.

பார்த்தவர் ஒருவர் போலீசுக்கு போன் செய்தார். "பொம்மையாகவும் இருக்கலாம்" என்றுதான் சொன்னார். அந்த விவரம் போலீஸ்காரர்களுக்கு போய்ச் சேரவில்லை. கார் வந்து நின்றது. இரண்டு வினாடி கூட ஆகவில்லை. போலீஸ்காரர் சுட்டார். மறுநாள் அந்தப் பையன் இறந்து போனான்.

பொம்மை என்று பையனுக்கு தெரியும். எதிரே நிற்பவருக்கு எப்படி தெரியும்?

பிரிட்டனில் 18 வயது ஆகாதவருக்கு இவற்றை விற்கக் கூடாது. அசல் போலவே இருக்கும் துப்பாக்கியை முறையான விளையாட்டுக்காரர், சினிமாக்காரர் போன்றவர்களுக்குத்தான் விற்கலாம். மற்றவர்களுக்கு பளிச்சென்ற வர்ணம் அடித்துத்தான் விற்க வேண்டும். தக்க காரணம் இல்லாமல் தெருவில் எடுத்துச் சென்றால் வழக்கு!

அதனால் மாதக்கணக்கில் பாடுபட்டு, கறுப்பு வர்ணம் பூசி, துருப்பிடித்த பழைய இரும்பு போலவே ஆக்கிய ஸ்டென் கன், மைதானம் போகும் வரை பையை விட்டு வெளியே வருவதில்லை. பேட்டரியும் தனியாக. மேகசினும் தனியாக. அழகு பார்க்க ஆசை இருக்கும். ஆனால் தெருவில் போகிறவரின் பயத்துக்கு முன்னால் அந்த ஆசை பெரிதா?

டிரையாங் பொம்மை செய்த லைன்ஸ் பிரதர்ஸ் 1971-ல் திவாலாகி விட்டது. பொம்மை கம்பெனியை துப்பாக்கி செய்ய வைத்தது போர். அது வேறு வழி இல்லாத காலம்.

இன்று அந்தப் போர் இல்லை. மேஜை மீது கிடப்பது வெறும் பொம்மை. அதை பொம்மையாகவே வைத்திருப்பதும், மறுபடியும் துப்பாக்கியாக்குவதும், ஸ்குரூ டிரைவர் பிடித்திருக்கும் கையில்தான் இருக்கிறது!