பந்தயத்துக்கு முன்னே ஒரு பரீட்சை

கோயம்புத்தூர்க்காரரான நரேன் கார்த்திகேயன் ஃபார்முலா ஒன் கார்ப் பந்தயத்தில் ஓட்டிய முதல் இந்தியர் என்பதைப் பொது அறிவுப் புத்தகத்தில் படித்திருப்பீர்கள். 2005-ஆம் ஆண்டு மார்ச் மாதம் ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் நகரில் அவர் முதன்முதலாகக் கலந்துகொண்டார். புறப்படும் வரிசையில் பன்னிரண்டாவது இடம் கிடைத்தது. புதியவர் ஒருவருக்கு அது நல்ல இடம்தான். ஆறு ஆண்டுகள் கழித்து, 2011 மார்ச் 26 அன்று, அதே நகரில் அதே பாதையில் அவர் மறுபடியும் தகுதிச் சுற்றில் இறங்கினார். இம்முறை வரிசையில் இடமே கிடைக்கவில்லை. மறுநாள் பந்தயம் அவர் இல்லாமலே நடந்தது.

ஆள் அதே ஆள். பாதை அதே பாதை. அப்படியானால் தகுதிச் சுற்று என்பது எதை அளக்கிறது? ஓட்டுபவரையா, வண்டியையா, அல்லது அன்றைய தரையையா? இயற்பியல் படிக்கிறவர்கள் கேட்க வேண்டிய கேள்வி இது.

ஃபார்முலா ஒன் பந்தயம் ஞாயிற்றுக்கிழமை நடைபெறுகிறது. ஆனால் வேலை வெள்ளிக்கிழமையே தொடங்கிவிடும். 2011-ஆம் ஆண்டின் வழக்கப்படி வெள்ளியன்று தலா ஒன்றரை மணி நேரம் இரண்டு பயிற்சி ஓட்டங்கள். சனிக்கிழமை காலையில் ஒரு மணி நேரம் மூன்றாவது பயிற்சி ஓட்டம். அன்று பிற்பகல் தகுதிச் சுற்று. அதில் மூன்று பகுதிகள். முதல் 20 நிமிடங்களில் இருபத்துநான்கு கார்களும் ஓடும். மெதுவான ஏழு கார்கள் அத்துடன் நின்றுவிடும். அடுத்த 15 நிமிடங்களில் இன்னும் ஏழு நின்றுவிடும். எஞ்சிய பத்துக் கார்களும் கடைசிப் 10 நிமிடங்களில் முதலிடத்துக்குப் போட்டியிடும். எத்தனை சுற்று ஓடினாலும் ஒவ்வொருவருக்கும் அவருடைய மிகக் குறைந்த நேரம் மட்டுமே கணக்கு. பிந்திய ஆண்டுகளில் இந்த நிமிடக் கணக்குகள் மாறினாலும் அமைப்பு ஏறக்குறைய இதுவே.

பயிற்சி ஓட்டம் என்ற பெயர் எனக்கு அவ்வளவு பொருத்தமாகத் தோன்றவில்லை. ஓட்டுபவர் கை பழகுவதற்காக மட்டும் அது நடப்பதில்லை. சோதனை ஓட்டம் என்று சொல்வதே சரி. எங்கள் விருத்தாசலத்தில் பீங்கான் பொருள்கள் செய்பவர்கள், கிளேஸ் எனப்படும் பளபளப்புப் பூச்சுக்குப் புதிய கலவை ஒன்றை முயலும்போது சூளை நிறையப் பொம்மைகளை அடுக்கிவிடமாட்டார்கள். சிறு சிறு துண்டுகளில் பூசி, ஒன்றில் ஒரு பொருளை மட்டும் சற்றுக் கூட்டி, இன்னொன்றில் சற்றுக் குறைத்து, சுட்டுப் பார்ப்பார்கள். ஒரே நேரத்தில் இரண்டை மாற்றினால் எது வேலை செய்தது என்று தெரியாமல் போய்விடும். வெள்ளிக்கிழமை ஓட்டமும் அப்படித்தான். முன் இறக்கையின் சாய்வு ஒரு பாகை கூட்டப்படும், கார் நாலைந்து சுற்று ஓடும், திரும்பி வரும். பிறகு ஸ்பிரிங்கின் விறைப்பு மாற்றப்படும். இறக்கையின்மேல் பளிச்சென்ற நிறமுள்ள எண்ணெய்ச் சாயத்தைப் பூசி அனுப்புவதும் உண்டு. ஓடும்போது காற்று அந்தச் சாயத்தை இழுத்துக் கோடு கோடாக வரைந்துவிடும். காற்று எங்கே ஒட்டி ஓடுகிறது, எங்கே பிரிந்து சுழல்கிறது என்பதைக் கோடுகளைப் பார்த்தே படித்துவிடலாம்.

இறக்கைக்கு ஏன் இத்தனை உபசாரம்? விமானத்தின் இறக்கை விமானத்தை மேலே தூக்குகிறது. பந்தயக் காரின் இறக்கையோ தலைகீழாகப் பொருத்தப்பட்டுக் காரைத் தரையோடு அழுத்துகிறது. வளைவில் திரும்பும் காருக்கு மையநோக்கு விசை வேண்டும். அதைத் தருவது டயருக்கும் தரைக்கும் இடையிலுள்ள உராய்வு. உராய்வு விசையின் உச்ச அளவு, உராய்வுக் குணகத்தை டயரின்மேல் உள்ள அழுத்து விசையால் பெருக்கக் கிடைப்பது. சாதாரணக் காரில் அந்த அழுத்து விசை அதன் எடை மட்டுமே. உங்கள் பாடப் புத்தகக் கணக்கில் காரின் நிறை சமன்பாட்டின் இருபுறமும் வந்து அடிபட்டுப் போகும். வளைவில் பாதுகாப்பான வேகம் லாரிக்கும் காருக்கும் ஒன்றே என்று விடை எழுதி மதிப்பெண்ணும் வாங்கியிருப்பீர்கள்.

பந்தயக் காரில் அந்த விடை பொருந்தாது. எடையோடு காற்றின் அழுத்து விசையும் சேர்கிறது. இவ்விரண்டில் எடை மட்டுமே நிறையைப் பொறுத்தது. காற்றின் விசை நிறையைப் பார்ப்பதில்லை, வேகத்தின் இருமடியைப் பார்க்கிறது. சமன்பாட்டை நிறையால் வகுத்துப் பாருங்கள். புவியீர்ப்பு முடுக்கம் அப்படியே நிற்கும். அதன் பக்கத்தில் காற்றின் விசையை நிறையால் வகுத்த ஈவு ஒன்று வந்து சேரும். நிறை குறையக் குறைய அந்த ஈவு பெருகும். வளைவில் செல்லக்கூடிய வேகமும் பெருகும். ஆகவே கனம் குறைந்த கார் நேர்ப்பாதையில் விரைவாக முடுக்கம் பெறுவதோடு வளைவிலும் வேகமாகத் திரும்பும்.

தகுதிச் சுற்றில் இரண்டு மூன்று சுற்றுக்கு வேண்டிய எரிபொருளை மட்டும் நிரப்பி அனுப்புவதன் காரணம் இதுவே. 2011-இல் ஓட்டுபவரையும் சேர்த்துக் காரின் குறைந்தபட்ச நிறை 640 கிலோ. பந்தயத்தின் நடுவில் எரிபொருள் நிரப்பக் கூடாது என்பது அப்போதைய விதியாதலால், ஞாயிறன்று 150 கிலோ அளவுக்கு எரிபொருளையும் சுமந்து புறப்பட வேண்டும். பத்துக் கிலோ கூடினால் ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 0.3 விநாடி கூடும் என்பது பந்தயப் பொறியாளர்களின் கைக்கணக்கு. மீதியை நீங்களே பெருக்கிப் பார்க்கலாம்.

இனி டயர். பந்தய டயரின் ரப்பர் குளிர்ந்திருக்கும்போது ஏறக்குறைய உதவாத பொருள். நூறு பாகை செல்சியஸை ஒட்டிய வெப்பத்தில்தான் அது இளகித் தரையின் நுண்ணிய மேடுபள்ளங்களுக்குள் புகுந்து கவ்வும். அதனால் டயர்களை மின்கம்பளியில் சுற்றிச் சூடேற்றி வைப்பார்கள். வெளியே வந்த கார் முதல் சுற்றில் பாம்புபோல் நெளிந்து ஓடுவதும், திடீர் திடீரென்று பிரேக் பிடிப்பதும் அந்த வெப்பத்தைக் காப்பதற்காகவே. வெப்பம் மிகுந்தாலும் கெடுதல். ரப்பர் குழைந்து உதிரத் தொடங்கிவிடும். மென்மையான டயர் தன் முழுப் பிடிப்பையும் தருவது ஓரிரு சுற்றுகளுக்குத்தான். பிரேக் தட்டுகளும் இப்படியே. கரி இழைகளைக் கரியாலேயே பிணைத்துச் செய்யப்படும் அவை பல நூறு பாகை சூடான பிறகே நன்றாகப் பிடிக்கும். பலமாகப் பிரேக் பிடிக்கும்போது ஆயிரம் பாகையை எட்டிச் செம்மஞ்சளாக ஒளிரும். சூளையின் பார்வைத் துளை வழியே நிறத்தைப் பார்த்தே வெப்பத்தை மதிப்பிடும் நம் ஊர்ப் பெரியவர்களை மெல்போர்னில் கொண்டுபோய் நிறுத்தினால் அந்தத் தட்டின் வெப்பநிலையையும் சொல்லிவிடுவார்கள்.

தரையும் சும்மா இருப்பதில்லை. மெல்போர்ன் பாதையின் பெரும்பகுதி, ஏரி ஒன்றைச் சுற்றியுள்ள பூங்காவின் பொதுச் சாலை. வெள்ளிக்கிழமை காலையில் அதில் தூசியும் வழுக்கலும் இருக்கும். கார்கள் ஓட ஓட டயர்களின் ரப்பர் தரையில் படிகிறது. ரப்பர்மேல் ரப்பருக்குப் பிடிப்பு அதிகம். ஒரே கார், ஒரே ஓட்டுநர், ஒரே டயர் வகை என்றாலும் வெள்ளி காலையைவிடச் சனி மாலையில் நேரம் குறையும். தகுதிச் சுற்றில் எல்லாரும் கடைசி நிமிடத்துக்குக் காத்திருப்பதன் இரகசியம் இதுதான். காத்திருந்து மழை வந்துவிட்டால் அதுவும் அவர்கள் தலையெழுத்து.

இத்தனை மாறிகளையும் கடந்து வரும் விடை ஒரே ஓர் எண். ஒவ்வொரு காரிலும் சைகை அனுப்பும் சிறு கருவி ஒன்று இருக்கிறது. தரைக்கடியில் புதைத்த கம்பிச் சுருளை அது கடக்கும் கணம் பதிவாகிறது. அளவு விநாடியின் ஆயிரத்தில் ஒரு பங்கு வரை. 2011 மெல்போர்னில் முதலிடம் பெற்ற செபாஸ்டியன் வெட்டலின் நேரம் 1 நிமிடம் 23.529 விநாடி. பாதையின் நீளம் 5.303 கிலோமீட்டர். சராசரி வேகம் விநாடிக்கு 63 மீட்டருக்கு மேல். ஆயிரத்தில் ஒரு விநாடியில் கார் 6 சென்டிமீட்டர் நகரும். இந்த நுட்பமும் ஒருமுறை போதாமற் போயிற்று. 1997-இல் ஸ்பெயினின் ஹெரெஸ் பாதையில் வில்நெவ், மைக்கேல் ஷூமாக்கர், ஃபிரென்ட்சன் ஆகிய மூவரும் 1 நிமிடம் 21.072 விநாடி என்ற ஒரே நேரத்தைப் பெற்றார்கள். அந்த நேரத்தை முதலில் எட்டியவர் வில்நெவ் என்பதால் முதலிடம் அவருக்குப் போயிற்று.

நரேனைத் தடுத்தது ஆயிரத்தில் ஒரு பங்கு அல்ல. 107 சதவிகித விதி. தகுதிச் சுற்றின் முதற்பகுதியில் பதிவான மிகக் குறைந்த நேரத்தில் 107 சதவிகிதத்துக்குள் ஓடாதவர் பந்தயத்தில் கலந்துகொள்ள முடியாது. 1996 முதல் 2002 வரை நடைமுறையில் இருந்து, பின் கைவிடப்பட்ட இவ்விதி 2011-இல்தான் திரும்ப வந்தது. இது வெறும் கண்டிப்பு அன்று. வேகமான கார் ஒரு சுற்றை 100 பங்கு நேரத்தில் முடிக்க, மெதுவான கார் 107 பங்கு எடுத்துக்கொண்டால், ஏறக்குறைய 15 சுற்றுக்கு ஒருமுறை முன்னது பின்னதை எட்டிப் பிடித்துக் கடக்க வேண்டும். மெல்போர்ன் பந்தயத்தின் 58 சுற்றில் மூன்று முறை. 110 பங்குக்கு மேல் என்றால் ஐந்து முறை. முன்னால் மெதுவாகப் போகும் காரை ஒவ்வொரு முறை கடப்பதும் ஓர் ஆபத்து.

அன்றைய எண்களைப் பாருங்கள். முதற்பகுதியின் மிகக் குறைந்த நேரம் 85.296 விநாடி. அதன் 107 சதவிகிதம் 91.266. நரேனின் நேரம் 94.293, அதாவது 110.5 சதவிகிதம். அவர் தோற்றுவிட்டார் என்று சொல்லிவிடுவது எளிது. ஆனால் அவருடைய ஹிஸ்பானியா அணியில் அதே வகைக் காரை இத்தாலியரான லியுட்ஸி ஓட்டினார். அவர் நேரம் 92.978. அவரும் தகுதி பெறவில்லை. பயிற்சிக்கு வந்தபோது அந்தக் கார்கள் முழுமையாகத் தயாராகவே இல்லை. வெள்ளிக்கிழமை அவை ஏறக்குறைய ஓடவே இல்லை. பயிற்சியில் போதிய வேகத்தைக் காட்டியவருக்கு நடுவர்கள் விலக்கு அளிக்கலாம் என்று விதியில் ஒரு வாசல் உண்டு. ஓடாத காருக்கு அந்த வாசல் திறப்பது எப்படி?

இங்கேதான் நம் ஆய்வுக்கூடப் பழக்கம் உதவுகிறது. ஒரே காரை இருவர் ஓட்டினால், இருவருக்கும் பொதுவான பின்னடைவைப் பெரும்பாலும் காரின் கணக்கில் எழுதலாம். இருவருக்கும் இடையிலுள்ள வேறுபாட்டைப் பெரும்பாலும் ஓட்டுபவர் கணக்கில் எழுதலாம். மெல்போர்னில் பொதுவான பின்னடைவு 7.7 விநாடி, இருவருக்கும் இடையே 1.3 விநாடி. இரண்டு வாரம் கழித்து மலேசியாவின் செபாங் பாதையில் அவர்களுடைய கார்கள் பயிற்சியில் ஓடின. முதற்பகுதியின் சிறந்த நேரம் 96.744, லியுட்ஸி 101.549, நரேன் 102.574. இருவரும் தகுதி பெற்றார்கள். பாதைகள் வெவ்வேறு நீளமுடையவை. ஆகவே சதவிகிதத்தில் ஒப்பிடுவோம். காரின் கணக்கு 9 சதவிகிதத்திலிருந்து 5 சதவிகிதமாகக் குறைந்தது. ஓட்டுபவர் கணக்கு 1.5-இலிருந்து 1.1-க்கு வந்தது. நரேனை வரிசைக்குள் கொண்டுவந்ததில் பெரும்பங்கு எந்தக் கணக்கினுடையது என்று இப்போது சொல்ல முடிகிறதல்லவா? அவ்வாண்டு அக்டோபரில் டில்லியை அடுத்த கிரேட்டர் நொய்டாவில் நடந்த முதல் இந்திய கிராண்ட் பிரீயில் அவர் ஓடி முடித்து 17-ஆவதாக வந்தார்.

2005-இன் பன்னிரண்டாவது இடத்தையும் இதே கண்ணால் பார்க்க வேண்டும். அப்போதைய முறையில் ஒவ்வொருவரும் தனித்தனியே ஓட வேண்டும். இடையில் மழை வந்தது. அதில் மாட்டிக்கொண்டவர்களின் நேரம் பல விநாடி கூடிப்போயிற்று. அதுவரை ஏழு முறை உலகச் சாம்பியனான ஷூமாக்கரே பின்வரிசைக்குத் தள்ளப்பட்டார். அன்றைய எண்களில் தரையின் கணக்கு பெரிது.

கடைசியாக உங்களுக்கு ஒரு கணக்கு. 2012-இல் மெல்போர்னில் நரேனின் அணி மறுபடியும் தகுதி பெறவில்லை. முதற்பகுதியின் சிறந்த நேரம் 86.182 விநாடி. அணியின் மற்ற ஓட்டுநர், அனுபவம் மிக்க ஸ்பெயின்காரர் பெத்ரோ தெ லா ரோசாவின் நேரம் 93.495. நரேனின் நேரம் 93.643. 107 சதவிகித எல்லை எவ்வளவு? காரின் கணக்கில் எத்தனை சதவிகிதம், ஓட்டுபவர் கணக்கில் எத்தனை? வகுத்துப் பார்த்துவிட்டு, முந்திய ஆண்டின் எண்களுக்குப் பக்கத்தில் எழுதிப் பாருங்கள்.