இமையும் இரத்தமும்

தாம்பரம் பக்கத்தில் ஆடு வாங்குவோர், கீழிமையை விலக்கி இரத்தச் சோகை உண்டா என்று பார்ப்பதுண்டு. ஆனால் 'ஸ்கிரேப்பி' என்னும் கொடிய வியாதி அவ்விதம் அகப்படாது. 1961-இல் இமயமலையடிவாரத்துச் செம்மறிகளிடம் அது இருப்பது தெரியவந்தது. உருக்கெட்ட புரதமொன்று மூளையைக் கடற்பஞ்சுபோல் துளைத்துவிடும். ஆடு உடலை உராய்ந்து உராய்ந்து மடியும். அதற்குமுன் வருஷக்கணக்கில் மந்தையோடு மந்தையாய் மேய்ந்துகொண்டிருக்கும், அபாயமே அதுதான். இறந்தபின் மூளையைச் சோதித்தே நிச்சயப்படுத்தி வந்தார்கள்.

2001-இல் ஸ்காட்லாந்து ஆராய்ச்சியாளர்கள், நோயுற்ற பிராணிகளில் சிவப்பணுவை ஆக்கும் உயிரணுக்களின் மரபணுவொன்று வேலை குன்றியிருக்கக் கண்டார்கள். மூளை நோய்க்கு எலும்பு மஜ்ஜை சாட்சி சொல்லுவது விந்தையல்லவா! எனினும் அச்சாட்சியை மட்டும் நம்பித் தீர்ப்பளிக்க முடியவில்லை. கண்ணோரத்து மூன்றாம் இமையிலிருந்து கடுகளவு சதை எடுத்துச் சோதிப்பதே, உயிருள்ள ஆட்டிடம் கைகொடுத்த முறைகளில் ஒன்று.