கணனிப் பயிற்சிக்குக் காசு கட்டுமுன்

இலண்டனில் கோவிலடியிலும் மரக்கறிக் கடையிலும் அண்மையில் வந்த குடும்பங்கள் சந்தித்தால் ஒரு பேச்சு அடிபடும். "எஸ்.ஏ.பி. படித்தால் ஒபிஸ் வேலை, இனி இரவு வேலை இல்லை." தொழிற்சாலையில் நிற்கும் எங்களுக்கும் அந்த ஆசை உண்டு. எங்களில் ஒருவர் சீட்டுக் காசை எடுத்து ஒரு தனியார் வகுப்பில் கட்டினார். ஆறு கிழமையில் வேலை என்றார்கள். கிடைத்தது வகுப்புக்கு வந்ததாக ஒரு பத்திரம் மட்டுமே. சீட்டுக் காசை இன்னும் மாதாமாதம் கட்டுகிறார். அதனால்தான் இதை எழுதுகிறோம்.

முதலில் இது என்ன படிப்பு? ஊரிலே பலநோக்குக் கூட்டுறவுச் சங்கக் கடையை நினைத்துப் பாருங்கள். இருப்புப் புத்தகம், கொள்வனவுக் கோவை, காசுப் புத்தகம் மூன்றும் ஒத்துவராவிட்டால் மனேச்சருக்கு நித்திரை இல்லை. அந்தப் புத்தகங்களை எல்லாம் ஒரே கணனியில் இணைப்பதுதான் இந்த முறை. நாங்கள் வந்திறங்கிய மா மூட்டைகளை ஸ்கான் பண்ணியவுடன் இருப்புக் கூடுகிறது. அனுப்பியவரின் பில் வந்ததும் ஓடர், வந்த சாமான், பில் மூன்றையும் கணக்குப் பகுதி ஒப்பிட்டுப் பார்த்துத்தான் காசு கொடுக்கும். ஆகவே இதில் பாதி எங்கள் கைக்குப் பழகிய வேலை. அதன் ஆங்கிலப் பெயர்கள்தான் தெரியாது.

எஸ்.ஏ.பி. என்பது ஐ.பி.எம். நிறுவனத்தை விட்டு வந்த ஐந்து பேர் 1972 இல் ஜேர்மனியில் தொடங்கிய நிறுவனம். 1992 இல் வந்த ஆர்/3 என்ற மென்பொருளால் உலகெங்கும் பரவியது. 2015 இல் எஸ்/4ஹானா வந்தது. பழைய பதிப்பைப் படிப்பிக்கிறார்களா, புதியதையா என்று கட்டாயம் கேளுங்கள்.

சான்றிதழில் இரண்டு வகை உண்டு. எஸ்.ஏ.பி. சான்றிதழ் அந்த ஒரு மென்பொருளுக்கானது. பரீட்சை அந்த நிறுவனத்தினுடையது. வகுப்பு நடத்துபவர் தரும் பத்திரம் வேறு. அவர்களுடைய இணையத்தளத்திலேயே பல பாடங்களை இலவசமாகப் படிக்கலாம். மற்றது, அமெரிக்காவில் 1957 இல் தொடங்கிய அப்பிக்ஸ் என்ற சங்கம் 1973 முதல் தரும் சி.பி.ஐ.எம். இச்சங்கத்தின் இன்றைய பெயர் ஏ.எஸ்.சி.எம். எந்த மென்பொருளானாலும் இருப்பையும் உற்பத்தியையும் திட்டமிடும் முறையை அது சோதிக்கிறது. பல்கலைக்கழகப் பட்டம் கேட்பதில்லை. பள்ளிக்கூடத்தோடு படிப்பை நிறுத்திய எங்களைப் போன்றவர்களுக்கு இது ஆறுதல். ஆனால் ஆங்கிலம் நன்றாக வாசிக்கத் தெரியவேண்டும்.

காசு கட்டுமுன் இவற்றைச் செய்யுங்கள்.

"அரசாங்க அங்கீகாரம் உண்டு" என்று சொன்னால், இங்கிலாந்தின் ஒவ்குவால் என்ற அமைப்பின் பதிவேட்டில் அந்தத் தகைமையின் பெயரைத் தேடிப் பாருங்கள். அது இலவசம். மென்பொருள் நிறுவனங்களின் சான்றிதழ்கள் பொதுவாக அதில் இராது. அதனால் அவை பொய்யென்று அர்த்தமில்லை. ஆனால் அரசாங்கத்தின் பெயரைச் சொல்லி விற்பவரை நம்பவேண்டாம்.

பரீட்சைக் கட்டணம் சேர்ந்ததா, வேலைக்கு உத்தரவாதம் என்றால் கிடைக்காதபோது காசு திரும்புமா என்று கேட்டு, எழுத்தில் வாங்குங்கள்.

தொலைபேசியிலோ இணையத்திலோ பதிந்திருந்தால் பொதுவாக 14 நாட்களுக்குள் மனம் மாறி விலகலாம். இது 2013 ஆம் ஆண்டு விதிகள் தரும் உரிமை. அதற்குள் உங்கள் சம்மதத்தோடு வகுப்புத் தொடங்கியிருந்தால் அந்தப் பகுதிக்குக் கழிப்பார்கள்.

ஆங்கிலமும் கணிதமும் குறைவென்றால் முதலில் உங்கள் பகுதிக் கல்லூரிக்குப் போங்கள். 19 வயதுக்கு மேற்பட்ட, தகுதியுள்ளவர்களுக்கு ஜீ.சீ.எஸ்.ஈ. தரம்வரை கட்டணமில்லை. உங்கள் வதிவிட அனுமதிக்குப் பொருந்துமா என்று அங்கேயே கேளுங்கள்.

கடைசியாக, வேலைத்தலத்திலேயே தொடங்குங்கள். களஞ்சியத்திலோ சாமான் இறக்கும் பகுதியிலோ ஓர் இடம் வெறுமையானால் சுப்பவைசரிடம் கேளுங்கள். நேர்முகத்தில் "என்ன செய்தீர்கள்?" என்றுதான் கேட்பார்கள். அதற்குச் சொல்ல அனுபவம் இருக்கும்போது சான்றிதழுக்கும் மதிப்புக் கூடும். சீட்டுக் காசை அதற்குப் பிறகு தொடலாம்.