புரொப்பெல்லர் இதழின் கனம்

ஆகாய விமானத்தின் வேகத்தைப் பற்றிப் பேசுகையில் இயந்திரத்தின் குதிரைச் சக்தியையே வியந்து பாராட்டுவது நம் வழக்கமாயினும், அந்தச் சக்தியைக் காற்றில் பிரயோகிக்கும் புரொப்பெல்லரின் இதழ் நுனியில் எவ்வளவு கனமாயிருக்கிறது என்ற அற்ப விஷயமும் அவ்வேகத்துக்கு எல்லை வகுத்துவிடுகிறது.

மூன்று மீட்டர் குறுக்களவுள்ள புரொப்பெல்லர் நிமிஷத்துக்கு 1,500 தடவை சுழன்றால், சுழற்சியினால் மட்டுமே அதன் நுனி விநாடிக்குச் சுமார் 235 மீட்டர் செல்கிறது. விமானமும் 160 மீட்டர் வேகத்தில் முன்னேறும்போது, செங்கோணமான இவ்விரு வேகங்களும் கலந்து, நுனி காற்றைக் கிழிக்கும் வேகம் ஏறக்குறைய 285 மீட்டராகிறது. ஆறாயிரம் மீட்டர் உயரத்துக் குளிர்ந்த காற்றிலோ ஒலியின் வேகமே 316 மீட்டர்தான். இதழின் வளைந்த முதுகைச் சுற்றிச் செல்லும் காற்று இதழைவிட விரைந்தோட வேண்டியிருப்பதால், நுனி ஒலியை எட்டுமுன்பே அக்காற்று ஒலியை விஞ்சிவிட, அங்கே அதிர்ச்சி அலை தோன்றி, அதன் பின்னே காற்றோட்டம் இதழின் பரப்பை விட்டு விலகிக் கலங்கி, இழுவை பெருகி, உந்துவிசை குன்றிப் போகிறது. முதுகு எவ்வளவு புடைத்திருக்கிறதோ அவ்வளவு சீக்கிரம் இந்த விபரீதம் நேரும்.

1918-இல் அமெரிக்காவின் டேடன் நகரத்தை அடுத்த மெக்குக் விமானத் தளத்தில் கால்டுவெல், ஃபேல்ஸ் என்ற இரு பொறியியலாளர், 14 அங்குலமே அகன்ற காற்றுச் சுரங்கத்தில் மணிக்கு 450 மைல் வரை காற்றைச் செலுத்தி, கனத்த வடிவங்கள் மெல்லியவற்றுக்கு முன்பாகவே சக்தியிழப்பதைக் கண்டார்கள். ஆனால் மரத்தில் நுனியை மெலிதாக்கினால் அது சுழற்சியின் கடும் விசையைத் தாங்க வேண்டுமே! அதற்குப் பரிகாரம் உலோகத்தில் கிடைத்தது; டுராலுமின் என்ற அலுமினியக் கலப்புலோகத்தில் மெல்லிய இதழ் செய்து காட்டிய ஆல்பர்ட் ரீட் என்பவருக்கு அமெரிக்க விமானத் துறையின் 1925-ஆம் வருஷத்திய காலியர் பரிசு அளிக்கப்பட்டது.

ஆகவேதான், மையத்தருகே உலக்கை போல் திரண்டு நிற்கும் இதழ் வெளியே போகப் போகத் தட்டையாகி மெலிகிறது. அடிப்பாகம் மெதுவாகச் செல்வதால் அங்கே கனத்தினால் நஷ்டம் சொற்பம், பலமோ அத்தியாவசியம். மெலிவுக்கும் விலையுண்டு: அதிகம் மெலிந்த இதழ் படபடத்து நடுங்கும்; அதன் கூர்மையான முன்விளிம்போ காற்றைச் சந்திக்கும் கோணம் சற்றே மாறினாலும் பொறுப்பதில்லை.

1955-இல் அமெரிக்கர்கள், நுனி ஒலியை விஞ்சியே சுழலுமாறு மெல்லிய இதழ்கள் பூட்டிய எக்ஸ்எஃப்-84எச் விமானத்தைப் பறக்கவிட்டார்கள். அதன் இரைச்சல் தரையில் நின்ற சிப்பந்திகளுக்குக் குமட்டலை உண்டாக்கியது, சில சோதனைப் பறப்புகளோடு அத்திட்டமும் கைவிடப்பட்டது.