காபி ஊற்றினால் இளகும், மண்ணில் புதைத்தால் இளகாது

‘மக்கும்’ என்று அச்சிட்ட ஜூஸ் கப்பை ரோஜாத் தொட்டியில் புதைத்தாராம் ஒரு வாசகர். மழைக்காலம் போயும் கப் அப்படியே கிடக்கிறது. ஏமாற்று வேலையா என்று கேட்கிறார். பாதி ஏமாற்றுதான். எத்தனை டிகிரியில் மக்கும் என்பதை விளம்பரம் விழுங்கிவிட்டது.

கண்ணாடிபோல் தெரியும் அந்தக் கப் பெரும்பாலும் பிஎல்ஏ எனும் பாலிலாக்டிக் அமிலம். சோளம், கரும்பிலிருந்து எடுத்த சர்க்கரையைப் புளிக்கவைத்தால் கிடைக்கும் லாக்டிக் அமிலத்தை நீளச் சங்கிலியாகக் கோத்தது. தயிரிலும் இட்லி மாவிலும் இருக்கும் அதே புளிப்புதான். நைலானைத் தந்த கரோதர்ஸ் 1930களிலேயே இதைச் செய்து பார்த்தார். அமெரிக்காவின் நெப்ராஸ்காவில் பெரிய ஆலை வந்த பிறகுதான் கப் ஆனது. வரலாறு இது போதும்.

சுவாரசியம் மக்கும் விதத்தில் இருக்கிறது. இந்த நீளச் சங்கிலி நுண்ணுயிர்களின் வாய்க்கு அடங்காது. முதலில் தண்ணீர் புகுந்து கண்ணிகளை அறுக்க வேண்டும். காலை எட்டரை மணி டவுன் பஸ்ஸை நினைத்துக்கொள்ளுங்கள். நெரிசலில் ஒருவரும் அசையாவிட்டால் கண்டக்டர் எப்படி உள்ளே போவார்? ஏறத்தாழ 60 டிகிரிக்குக் கீழே பிஎல்ஏ சங்கிலிகளும் அப்படித்தான் இறுகிக் கிடக்கும். சூடு அதைத் தாண்டினால் கூட்டம் நெளியும்; தண்ணீர்க் கண்டக்டர் நுழைந்து டிக்கெட் கிழிப்பதுபோல் கண்ணிகளைக் கிழிப்பார். கிழிந்த ஒவ்வொரு கண்ணியிலும் ஓர் அமில முனை பிறந்து, அடுத்ததைக் கிழிக்கக் கைகொடுக்கும். அதாவது டிக்கெட் வாங்கியவரெல்லாம் துணைக் கண்டக்டர்! தடித்த துண்டில் இந்த அமிலம் வெளியேற வழியின்றி நடுவில் தேங்குவதால், மேல்தோல் கெட்டியாக இருக்கும்போதே உள்ளே உளுத்துவிடும்.

வடிவமைப்பாளரின் தலைவலியும் இங்கேதான். மக்கவைக்கும் அதே சூட்டில் காபி ஊற்றினால் கப் துவண்டுவிடும். அதனால் சூடான பானத்துக்கான மூடி, ஸ்பூன்களில் பிஎல்ஏவைப் படிகமாக இறுக்குகிறார்கள். சூடு தாங்கும், ஆனால் தண்ணீர் நுழைவது இன்னும் சிரமம்.

ஐரோப்பியத் தரநிர்ணயம் சான்று கொடுப்பதும், 58 டிகிரி அளவில் வெந்துகொண்டிருக்கும் தொழில்முறை உரக்கூடத்தை மனத்தில் வைத்துத்தான். ரோஜாத் தொட்டிக்கு ஏது அந்தச் சூடு? கலிஃபோர்னியக் கடலோரத்தில் மூழ்கவைத்த பிஎல்ஏ துணி, ஓராண்டு தாண்டியும் சிதையாமல் இருந்ததை 2023இல் ஸ்கிரிப்ஸ் ஆய்வாளர்கள் கண்டார்கள். பிரிட்டனில் ‘வீட்டிலேயே மக்கும்’ என்ற முத்திரையோடு வந்த பிளாஸ்டிக்கைப் பொதுமக்கள் தோட்டத்து உரக்குழியில் போட்டுப் பார்த்ததில், சுமார் 60 சதவீதம் முழுதாக மக்கவில்லை.

கேன்டீன், குப்பைத்தொட்டி, உரக்கூடம் மூன்றும் ஒரே நிர்வாகத்தின் கையில் இருக்கும் வளாகத்தில் பிஎல்ஏ கப் நியாயமான சரக்கு. தமிழகத்தில் 2019 முதல் பிளாஸ்டிக் பூசிய காகிதக் கப்புக்கும் தடை என்பதால், மாற்றுத் தேடும் கடைக்காரர்களுக்கு இதன்மேல் ஆசை வருவது இயல்பு. ஆனால் தெருக்கடையில் விற்ற கப் காயலான் கடைக்குப் போகும். அங்கே பெட் பாட்டிலுக்கும் இதற்கும் கண்ணால் வித்தியாசம் தெரியாது. கலந்து உருக்கினால் பெட்டுக்குத் தேவையான சூட்டைத் தாங்காமல் பிஎல்ஏ சிதைந்து, மறுசுழற்சிக்குப் போன நல்ல பெட்டையும் கலங்கலாக்கி மஞ்சளடிக்க வைக்கும்.