எழுபது வளைவும் ஒரு பழைய அம்பாசடர் இன்ஜினும்

"தாத்தாவோட அம்பாசடர் வீட்டுல சும்மா நிக்குது. ரீஸ்டோர் பண்ணும்போதே இன்ஜினை அப்கிரேட் பண்ணிடலாமா?" நிறைய பேருக்கு இருக்கிற கேள்வி இது. பதிலை ஒரு ரோட்டை வச்சே பார்ப்போம். காரவல்லியில இருந்து 70 கொண்டை ஊசி வளைவு ஏறி, திண்ணனூர் நாடு பக்கம் போற கொல்லிமலை ரோடு.

முதல்ல டயக்னோசிஸ். பக் (bug) எங்கன்னு தெரியாம கோடை மாத்தக் கூடாது இல்லையா, அதே கதைதான். ஏறும்போது தொடர்ந்து நீலப் புகை வந்தா, பிஸ்டன் ரிங் தேஞ்சிருக்கலாம். இறங்கிட்டு மறுபடி ஆக்சிலரேட்டர் மிதிச்சதும் மட்டும் குப்புன்னு வந்தா, வால்வ் கைடு மேல சந்தேகப்படுங்க. அப்புறம் கம்ப்ரஷன் டெஸ்ட். ரீடிங் கம்மியா இருக்கிற சிலிண்டர்ல ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி பாருங்க. ரீடிங் ஏறினா ரிங் பிரச்சினை, ஏறலைன்னா வால்வ் அல்லது ஹெட் கேஸ்கெட்.

அடுத்தது ரீபோரிங். பழைய பெட்ரோல் அம்பாசடர்ல இருக்கிறது 1489 சிசி இன்ஜின். மெக்கானிக் "பத்து, இருபது, முப்பது, நாப்பது"ன்னு சொல்றது ஓவர்சைஸ் கணக்கு. ஒரு இன்ச்சை ஆயிரமாப் பிரிச்சதுல அத்தனை பங்கு. நாப்பதுக்குப் போனாலும் சிலிண்டர் விட்டம் 1 மில்லிமீட்டர்தான் கூடும், கொள்ளளவு சுமார் 1531 சிசி ஆகும். வெறும் 42 சிசி! அதனால ரீபோரிங்கை பவர் அப்கிரேடா நினைக்காதீங்க. தேய்மானத்தை அளந்து, தேவையான அளவு மட்டும் கடைங்க. அடுத்த முறைக்கும் பிளாக்ல இரும்பு மிச்சம் இருக்கணும்.

உண்மையிலேயே தேவையான அப்கிரேட் எது? பெட்ரோலே மாறிடுச்சு. 2000-ல இந்தியா முழுக்க ஈயம் கலந்த பெட்ரோல் நின்னுது. பழைய வார்ப்பிரும்பு ஹெட்ல வால்வ் சீட் தேயாம காத்தது அந்த ஈயம்தான். மலை ஏத்தம் மாதிரி லோடுல தேய்மானம் வேகமாகும். ஹெட்டைக் கழட்டினதும் கடினமான வால்வ் சீட் போட்டுடுங்க. இப்போ 20 சதவீதம் எத்தனால் வேற கலந்து வருது, அதுக்குத் தாங்குற ஃபியூல் ஹோஸும் பம்ப் டயஃப்ரமும் மாத்துங்க. ஃபர்ஸ்ட், செகண்ட் கியர்ல மெதுவா ஏறும்போது ரேடியேட்டருக்குக் காத்து பத்தாது. அதனால ரேடியேட்டரைச் சுத்தம் பண்றதும் பட்ஜெட்ல இருக்கட்டும்.

"அதெல்லாம் எதுக்கு, 1817 சிசி இசுஸு இன்ஜினையே வச்சிடலாமே?" வைக்கலாம். பிற்கால அம்பாசடர்ல வந்ததுதான், பவர் நிச்சயம் கூடும். ஆனா மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவுப்படி ஆர்டிஓ அனுமதி வாங்கி, ஆர்சியில ஏத்தணும். இன்னொண்ணும் இருக்கு. 2021 விதிப்படி, 50 வயசு தாண்டின வண்டி ஒரிஜினலா இருந்தாத்தான் 'விஏ' நம்பரோட விண்டேஜ் பதிவு கிடைக்கும். இன்ஜினை மாத்தினா அந்தக் கதவு மூடிடும். விண்டேஜ் பதிவு வாங்கினா தினசரி ஓட்ட முடியாது. கண்காட்சி, ராலி மாதிரி சில காரியங்களுக்கு மட்டும்தான்.

அதனால, லேத்துக்குப் போறதுக்கு முன்னாடியே முடிவு பண்ணுங்க: இது காட்சிக்கான வண்டியா, மலை ஏறப்போற வண்டியா? பிளாக்ல கடைஞ்செடுத்த இரும்புக்கு அன்டூ பட்டன் கிடையாது. அடுத்த எபிசோடுல பிரேக் பத்திப் பேசுவோம். ஏன்னா, ஏறின வண்டி அதே 70 வளைவுல இறங்கவும் வேணும்!