கடகடக்கும் ஐஸ் எந்திரம்
எந்தச் சத்தம் நல்லது? எந்தச் சத்தம் ஆபத்து?

கோடை வந்துவிட்டால் ஐஸ் இல்லாமல் முடியாது. சர்பத்துக்கு ஐஸ். மோருக்கு ஐஸ். குழந்தை கீழே விழுந்து கால் வீங்கினாலும், துணியில் சுற்றி ஒற்றடம் கொடுக்க ஐஸ்.

ஒரு காலத்தில் சென்னைக்கு அமெரிக்காவில் இருந்து கப்பலில் ஐஸ் வந்தது. அதைச் சேர்த்து வைக்க 1842-ம் ஆண்டில் கடற்கரையில் ஒரு கட்டிடம் கட்டினார்கள். அதுதான் "ஐஸ் ஹவுஸ்". இன்று அது விவேகானந்தர் இல்லம்.

இப்போதோ, சமையல் மேடை மீதே வைக்கும் சின்ன ஐஸ் எந்திரம் வந்துவிட்டது. தண்ணீர் ஊற்றிப் பொத்தானை அமுக்கினால், சுமார் 10 நிமிடத்தில் ஐஸ் விழுகிறது.

ஒரு நாள் அந்த எந்திரம் "கடகட" என்று சத்தம் போடும். "எந்திரம் போச்சு! பழைய விலைக்குத் தள்ளிவிடலாம்" என்பார் வீட்டுக்காரர். "கொஞ்சம் பொறுங்கள், என்னவென்று பார்க்கலாம்" என்பார் மனைவி.

மனைவி சொல்வதுதான் சரி. பல சத்தங்களை ஒரு காசு செலவு இல்லாமல் நிறுத்திவிடலாம்.

ஐஸ் உண்டாவது எப்படி?

எந்திரத்தின் அடியில் தண்ணீர்த் தொட்டி இருக்கிறது. ஒரு சிறு பம்பு அந்தத் தண்ணீரை மேலே உள்ள தட்டுக்கு ஏற்றுகிறது. விரல் போன்ற உலோகக் குச்சிகள் அந்தத் தண்ணீரில் மூழ்கி நிற்கின்றன. கம்ப்ரஸர் அனுப்பும் வாயு குச்சிகளைக் குளிர வைக்கிறது. குச்சியைச் சுற்றி ஐஸ் படிகிறது.

பிறகு தட்டு சாய்கிறது. சூடான வாயு குச்சிக்குள் பாய்கிறது. ஐஸ் வழுக்கி விழுகிறது. ஒரு கை போன்ற கரண்டி அதைக் கூடையில் தள்ளுகிறது.

ஆகவே, கம்ப்ரஸரின் "ஙொய்" என்ற ரீங்காரம், தண்ணீரின் "களகள", வாயு மாறும்போது சிறிது நேரம் கேட்கும் "உஸ்", ஐஸ் விழும் "தடதட" எல்லாம் இயற்கையான சத்தங்களே. பயம் வேண்டாம்.

எந்திரமே ஆடினால்

எந்திரத்தின் தலையில் கையை வைத்து லேசாக அமுக்குங்கள். சத்தம் குறைகிறதா? அப்படியானால் மேடை சமமாக இல்லை. சமமான இடத்தில் வையுங்கள். சுவரை ஒட்டி வைக்காதீர்கள். ஒரு சாண் இடைவெளி விடுங்கள்.

பம்பு கத்தினால்

தொட்டியில் தண்ணீர் குறைந்தால் பம்பு காற்றை உறிஞ்சி "கர்ர்" என்று கத்தும். கோடு வரை தண்ணீர் ஊற்றுங்கள். சல்லடை இருந்தால் கழுவுங்கள்.

அப்படியும் நிற்கவில்லையா? உப்புத் தண்ணீரின் வேலை அது! ஆழ்குழாய்க் கிணற்றுத் தண்ணீரில் உள்ள சுண்ணாம்புச் சத்து பம்பில் படிந்துவிடும். வெள்ளை வினிகரைச் சம அளவு தண்ணீரில் கலந்து தொட்டியில் ஊற்றி, கழுவும் பொத்தானை அமுக்குங்கள். பிறகு நல்ல தண்ணீரால் இரண்டு மூன்று தடவை கழுவுங்கள். முதலில் விழும் ஐஸைக் கொட்டிவிடுங்கள்.

"டக் டக்" என்றால்

தட்டுக்கும் குச்சிக்கும் நடுவே ஐஸ் சிக்கியிருக்கும். பிளக்கைப் பிடுங்கிவிட்டு ஒரு மணி நேரம் மூடியைத் திறந்து வையுங்கள். ஐஸ் தானே கரைந்துவிடும்.

பின்பக்கம் "சடசட" என்றால், விசிறியில் தூசியோ ஒயரோ உரசுகிறது. பிளக்கைப் பிடுங்கிய பிறகு, வெளித்துளைகளில் உள்ள தூசியை மெல்லிய பிரஷால் தட்டுங்கள். உள்ளே கை விட வேண்டாம்.

கத்தியை எடுக்காதீர்கள்!

சிக்கிய ஐஸைக் கத்தியால் நெம்புவது பெரிய ஆபத்து. குளிர வைக்கும் குழாயில் ஓட்டை விழுந்தால் வாயு போய்விடும். அதோடு எந்திரத்தின் கதையும் முடிந்தது. பல எந்திரங்களில் ஆர்600ஏ என்ற வாயு இருக்கிறது. அது தீப்பிடிக்கும் வாயு. சமையல் அறையில் அடுப்பு எரிகிறது என்பதை மறக்கக் கூடாது.

தவறி ஓட்டை விழுந்துவிட்டால் அடுப்பை அணையுங்கள். ஜன்னல், கதவுகளைத் திறந்துவிடுங்கள். எந்தச் சுவிட்சையும் தொடாமல், குழந்தைகளுடன் வெளியே வந்துவிடுங்கள்.

மெக்கானிக் எப்போது?

சில நிமிடத்துக்கு ஒரு தடவை "டிக்" என்று கேட்டு, கம்ப்ரஸர் ஓடாமல் நின்றால் அது வீட்டில் பார்க்கிற வேலை அல்ல. மின்சாரம் குறைந்து வரலாம். உள்ளே ரிலே பழுதாகியிருக்கலாம். மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள்.

எந்திரத்தைத் தொட்டால் "ஜிவ்" என்று இழுக்கிறதா? உடனே மெயின் சுவிட்சை அணையுங்கள். எர்த் சரியாக இருக்கிறதா என்று எலெக்ட்ரீஷியன் பார்க்கும் வரை அதைத் தொடக்கூடாது.

இரண்டு நல்ல பழக்கங்கள்

மின்சாரம் போய் வந்தால், 5 நிமிடம் கழித்தே எந்திரத்தைப் போடுங்கள். அதற்குள் வாயுவின் அழுத்தம் சமமாகி, கம்ப்ரஸர் சிரமம் இல்லாமல் ஓடத் தொடங்கும்.

வீடு மாறும்போது எந்திரத்தைப் படுக்க வைத்துக் கொண்டு வந்தீர்களா? நிமிர்த்தி வைத்து, ஒரு நாள் கழித்துப் போடுங்கள். குழாய்க்குள் ஓடிய எண்ணெய் அதற்குள் கம்ப்ரஸருக்குத் திரும்பிவிடும்.

இந்த இரண்டையும் கடைப்பிடித்தால் கம்ப்ரஸர் நீண்ட நாள் உழைக்கும். பணமும் மிச்சம், தூக்கமும் மிச்சம்!